ஆளுக்கு ஒரு வசனம்

மழை விட்டுவிட்டது என்று நம்பித்தான் தபித்தாள் மரம், பூ காட்டிப் பாடம் நடத்த மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஊட்டிக் காந்தலின் கடைசித் தெருவைத் தாண்டுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக் கலைமதி வாசலில் நின்று, ஆன்சிக்கு இன்றைக்கும் லீவுங்களா என்று கேட்டு வைத்தாள். லீவு இல்லை, வீட்டில் வைத்தே பாடம் நடத்துகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தபித்தாளுக்கு வாய் வலித்துவிட்டது. இன்றைக்குக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆன்சிக்கு எட்டு வயது. இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்று டீச்சர் அவளை வராந்தாவில் நிற்க வைத்தார். ஊட்டிக் குளிரில் நின்றுவிட்டுப் பிள்ளை காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தாள். அதோடு சரி, தபித்தாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆண்டவர் கொடுத்த பிள்ளையை வளர்க்க ஆண்டவருடைய வார்த்தையும் அவர் படைத்த மரம் மட்டையும் போதாதா என்று கணவன் எட்மண்டிடம் ஒரு வாரம் மல்லுக்கு நின்றாள். தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்ப்பவன் அவன், கறாரான ஆள். ஒரு வருடம் தருகிறேன் என்றான். அதற்குள் படிக்க வந்தால் சரி. இல்லையென்றால் ஜூனில் குன்னூருக்குப் போய், டீச்சராக இருக்கும் அவனுடைய அக்கா ஈவ்லின் வீட்டிலேயே தங்கி ஆன்சி அங்கே பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஈவ்லினுக்குப் பிள்ளை இல்லை. ஆன்சிக்கென்று ஓர் அறையை இப்போதே ஒழித்து வைத்திருப்பதாகக் கேள்வி. அதை நினைத்தாலே தபித்தாளுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்த ஈவ்லின்தான் இன்று சாயங்காலம் பிள்ளை படிப்பதைக் கேட்க வருகிறாள்.

வரட்டுமே. தபித்தாளுக்குப் பயம் இல்லை. அவர்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் சங்கீதத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றிப் படிப்பது வழக்கம். அதையே அவள் பாடமாக்கிக்கொண்டாள். சாயங்காலம் வரவேண்டிய சங்கீதத்தைக் காலையில் மகளுக்கு வாசித்துக் காட்டிப் பழக்குவாள். சாயங்காலம் தன் முறை வந்ததும் ஆன்சி விரலை வரிமேல் வைத்து, தட்டாமல் தடுமாறாமல் படித்துவிடுவாள். எட்மண்ட்கூட இரண்டொரு தடவை பிள்ளையின் தலையைத் தடவினான். அந்த வீட்டில் அது பெரிய பரிசு.

இயற்கைப் படிப்பு மட்டும் சோதனையாகவே இருந்தது. போன் வீடியோவில் வரும், வீட்டிலேயே பாடம் நடத்தும் வெளிநாட்டுத் தாய்மார் புல்வெளியில் போர்வை விரித்துப் பிள்ளைகளோடு பூ வரைகிறார்கள். இங்கே போர்வையை விரித்தால் பிழிந்துதான் எடுக்க வேண்டும். தாள் நனைந்து, பென்சில் முனை ஒடிந்து, குடையும் ஒரு பக்கம் மடங்கிக்கொண்டபோது தபித்தாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆன்சியோ வேலியோரம் குனிந்து, கொண்டைக்குருவிக் கூட்டைக் கண்டுபிடித்து, அதில் எந்தக் குஞ்சு முந்திக்கொண்டு வாயைத் திறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் கண்ணை வராந்தாவில் நிற்க வைத்தார்களே என்று தாய்க்குப் பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சோலை தொடங்கும் இடத்தில் வனத்துறை புதிதாக ஒரு பலகை நட்டிருந்தது. மேலே காட்டெருமைப் படம், கீழே இரண்டு வரி. சும்மா ஒரு ஆசைக்கு, படி பார்க்கலாம் என்றாள் தபித்தாள். ஆன்சி பலகையையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காட்டெருமை வரும். பாத்துப் பத்திரமாப் போங்க.”

வனத்துறை இத்தனை பாசமாகப் பேசி தபித்தாள் எங்கேயும் பார்த்ததில்லை. அருகில் சென்று படம் எடுக்காதீர்கள், மீறினால் அபராதம் என்றுதான் பலகையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக்கூட மாற்றாமல் வேதாகமத்தை எடுத்தாள். வேண்டுமென்றே வேறு ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, சாயங்காலத்துச் சங்கீதம் இதுதான், வாசி என்றாள். ஆன்சி விரலை முதல் வரியில் வைத்தாள். விரல் ஒழுங்காக இடமிருந்து வலமாக நகர்ந்தது. அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லாத, காலையில் கேட்ட சங்கீதம் அவள் வாயிலிருந்து ஒரு சொல் பிசகாமல் வந்தது.

புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டுத் தபித்தாள் அடுப்படிக்குள் போய் நின்றாள். காலையில் தான் வாசிப்பதைப் பிள்ளை காதாலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வருடம், அத்தனையும் பாழ். யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. பாட்டுப்போல் காதில் ஒட்டிக்கொள்ளும் சங்கீதம் இல்லாமல் வேறு எந்தப் புத்தகத்தை வைத்துப் பழக்கியிருந்தாலும் முதல் வாரமே குட்டு வெளிப்பட்டிருக்கும். உம்முடைய வார்த்தையை நம்பித்தானே கையில் கொடுத்தேன் என்று அவள் கடவுளிடமே சீறினாள்.

குக்கர் விசில் அடித்தபோது இன்னொரு எண்ணம் வந்தது. இது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்று ஒரு சாயங்காலம் தாண்டிவிட்டால் பிள்ளை தன்னோடுதான். பிறகு ராப்பகலாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அவள் ஆன்சியிடம் எதுவும் கேட்கவில்லை. துணியை மட்டும் மாற்றிவிட்டாள்.

ஈவ்லின் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டோடு வந்தாள். விருந்தாளி வந்தால் அன்றைக்கு எந்தப் பகுதியை வாசிப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டு மரியாதை. தபித்தாளுக்கு அப்போதுதான் அது உறைத்தது, பழகாத சங்கீதத்தைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஈவ்லின் என்னவோ பெரிய மனதோடு, ஆன்சி காலையில் பழகியதையே வாசிக்கட்டும், முழுவதையும் அவளே வாசிக்கட்டும் என்றாள்.

ஆன்சி வாசித்தாள். விரல் நகர்ந்தது, குரல் நிறுத்தி நிறுத்தி அழகாக ஏறி இறங்கியது. முடிந்தபோது எட்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவள் எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே படிக்கட்டும் என்று அவன் வாயாலேயே சொன்னான். ஈவ்லினின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவள் தபித்தாளின் கையைப் பிடித்தாள்.

“உன்னையத் தப்பா நெனச்சுட்டேன் தபித்தா.”

அது சுருக்கென்று தைத்தது. நன்றி சொல்லி நீயே ஜெபம் பண்ணி முடி என்றான் எட்மண்ட். நான்கு பேரும் கண்ணை மூடினார்கள்.

தபித்தாளின் ஜெபம் எப்போதும் கோயில் தமிழில், கோத்துக் கட்டியதாக இருக்கும். இன்றைக்கு வீட்டுப் பேச்சுத்தான் வந்தது.

“ஆண்டவரே, நன்றி சொல்லச் சொல்றாங்க. எனக்கு வாய் வரலைங்க. எம்புள்ளைக்குப் படிக்கத் தெரியல. இப்பச் சொன்னது பூராவும் மனப்பாடம். மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்க முன்னாடி வாயத் தெறக்காம உக்காந்திருந்தேன். எனக்கு உங்க மேலயுங்கூடக் கோவமா இருக்குது. இத்தன நாள் பாத்துட்டுத்தான இருந்தீங்க.”

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஆமென் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்க மாட்டார்கள், யாரும் பேசவும் மாட்டார்கள். சொல்லிவிட்டால் அடுத்த பேச்சு குன்னூர்தான். எட்மண்ட் தொண்டையைச் செருமினான். அவள் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு, பிடிவாதமாக ஜெபத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஆமென்” என்றாள் ஆன்சி.

தபித்தாள் கண் திறந்தாள். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயமில்லை, பாரம் இறக்கிய நிம்மதிதான் இருந்தது.

“அம்மா, இனிமே நான் படிக்கற மாதிரி வெரல ஓட்ட வேண்டாமில்ல?”

பிள்ளைக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் அம்மா தோற்றுவிடக் கூடாதே என்று அந்த விரல் நகர்ந்திருக்கிறது. வராந்தாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த பிள்ளையைத் தன் வீட்டுக் கூடத்திலேயே நிற்க வைத்திருந்தாள் தபித்தாள்.

“வேண்டாஞ்சாமி” என்று மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எட்மண்ட் வாயைத் திறப்பதற்குள் ஈவ்லின் பக்கம் திரும்பினாள்.

“ஜூனு வரைக்கும் எதுக்குங்க அண்ணி? நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. நான் இவளுக்குப் படிக்கக் கத்துக் குடுக்கல. எனக்காக நடிக்கத்தான் கத்துக் குடுத்திருக்கேன்.”