ஜங்லி செர்ரி

காட்டுத்தனமானது என்று பொருள்படும் "ஜங்லி" என்ற இந்திச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான். இந்தத் தீவில், டாலிகஞ்சில் எங்கள் சமையல் கொட்டகையை ஒட்டி, வௌவால் போட்ட விதையில் தானாக முளைத்த தேன்பழ மரத்துக்குத்தான் அந்தப் பெயர். வெள்ளைப் பூ, சிவந்த குட்டிப் பழம், உள்ளே கசகசா மாதிரி விதை. என் மனைவி மரகதம் அந்தப் பழத்தில் எலுமிச்சைச் சாறு விட்டு ஜாம் காய்ச்சி விற்கிறாள். இலையைக் காயவைத்து டீக்கும் பொட்டலம் போடுவாள். மெயின்லேண்ட் டூரிஸ்டுகள் காட்டுப் பொருள் என்றால் விழுந்தடித்து வாங்குவார்கள் என்று லேபிளில் "ஜங்லி செர்ரி" என அச்சடித்த மேதாவி நான்.

நகராட்சிச் சாக்கடைக் கால்வாய்க்கு அளக்க வந்த சூப்பர்வைசர் சுரேந்திரன், "பாய்சாப், இது என்ன மரம்?" என்று கேட்டார். "ஜங்லி செர்ரி!" என்றேன் பெருமையாக. மனிதர் முதல் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஜங்லி என்றால் அவர்கள் லிஸ்டில் யாரும் வளர்க்காத மரம், வெட்டலாம். மறுநாள் அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் குறி.

மரகதம் என்னைத் திட்டவில்லை.

ரம்பத்தோடு ஆட்கள் வந்த காலையில் அவள் மரத்தை மறித்து நின்றாள். "ஆறு வருஷமா இதுல ஜாம் போடறேன் சார். இது எப்படி ஜங்லி ஆகும்?"

சுரேந்திரன் நல்ல மனிதர். "லிஸ்ட்ட மாத்திடலாம் பெஹன்ஜி. ஆனா மரத்த விட்டா கால்வாய் லைன் உங்க கொட்டகைய எடுத்துட்டுத்தான் போகும். ரெண்டுல ஒண்ணுதான். சோச்கே சொல்லுங்க."

அவள் யோசிக்கவே இல்லை, கொட்டகைக்குள் போய்விட்டாள். மரம் போயிற்று என்று நினைத்தேன். கொட்டகை நான் கட்டியது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட.

அடுப்போடு வெளியே வந்தாள். அடுத்து ஜாம் அண்டா, பாட்டில்கள். கடைசியில் ஏணியைச் சாய்த்து, "இந்தாங்க, புடிங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கூரைத் தகரத்தைக் கழற்ற ஏறினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சுரேந்திரன் பதறினார். "அரே பெஹன்ஜி, அப்புறம் ஜாம் எங்க காய்ச்சுவீங்க?"

"அடுப்ப எங்க வேணா வச்சுக்கலாம் சார். பழத்துக்கு எங்க போவேன்?"