ஆயில் மட்டும்

பிரேக்கில் ஊற்றுவது எண்ணெயே இல்லை. எண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. இருந்தாலும் மெக்கானிக்குகள் வாயில் அதற்குப் பெயர் பிரேக் ஆயில். முதன்முதலில் அப்படிக் கூப்பிட்ட புண்ணியவான் யாரோ, இன்று கையில் சிக்கினால் மருந்துக்கடைக்காரி அவரை லேசில் விடமாட்டாள்.

பதினோரு வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவள் அவள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து, டப்பாவைப் படித்து, மறுபடி அட்டையைப் படித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுப்பாள். இதுவரை ஒரு மருந்து மாறியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. வீட்டில் உப்புக்கும் சர்க்கரைக்கும் சீட்டு ஒட்டி வைத்திருப்பவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் புருஷன் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னல், அலமாரி, கடை முகப்பு என்று வாரம் ஆறு நாள் கண்ணாடியோடு கண்ணாடியாக அப்படிப் பதமாக நடந்துகொள்வார். ஏழாம் நாள் வந்தால் போதும், உயரமான ஒரு மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு கல்லும் சேறுமாகக் கிடக்கும் மேட்டில் ஏறி இறங்கப் போய்விடுவார். பின்சீட்டு கிடையாது, சாமான் வைக்க இடம் கிடையாது, வீட்டுக்கு ஒரு காசு பிரயோஜனம் கிடையாது. அவர் திரும்பி வரும் வரைக்கும் இவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பாள். ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின.

மூன்று மாதத்துக்கு முன்னால், பயந்தபடியே ஆயிற்று. மேட்டிலிருந்து வண்டியோடு உருண்டு இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அவர் கட்டோடு படுத்திருந்த நாளில்தான் இவளுக்கு அந்த நல்ல எண்ணம் வந்தது. வண்டியைப் பிடிக்காதுதான், ஆனால் மனுஷனைப் பிடிக்குமே. ஷெட்டில் சேறோடு நின்ற வண்டியைக் கழுவித் துடைத்தாள். அவர் செய்வதைப் பார்த்திருந்த ஞாபகத்தில் ஹேண்டில்பாரின் இடப்பக்கத்துச் சின்னக் கிண்ணத்தைத் திறந்தாள். அது கிளட்சின் கிண்ணம். லீவரை அழுத்தினால் அதிலுள்ள எண்ணெய் மெல்லிய குழாய் வழியே போய் இன்ஜினைப் பிடியிலிருந்து விடுவிக்கும் என்று அவர் நூறு தடவை விளக்கியிருக்கிறார். இரண்டு விரல் போதுமாம். எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்தது. மூடியில் எழுத்து பாதி தேய்ந்து, 'ஆயில் மட்டும்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அலமாரியில் ஒரு பாட்டில், அதன்மேல் அவர் கைப்பட எழுதிய 'பிரேக் ஆயில்'. மூடியும் ஆயில் என்றது, பாட்டிலும் ஆயில் என்றது. இரண்டையும் இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் ஊற்றினாள். அவரிடம் சொல்லவில்லை. எழுந்து வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அசந்துதான் போனார், வேறு விதமாக. கட்டுப் பிரித்த அன்றே ஷெட்டுக்குப் போய் லீவரை அழுத்தினார். அது கல் மாதிரி இருந்தது. அழுத்தியது திரும்பி வரவும் சோம்பல் பட்டது. நாலு தரம் முயன்றுவிட்டு, முகம் சுண்டி உள்ளே வந்தார்.

"என்னங்க?"

"கை போச்சு."

"டாக்டர் நல்லா கூடிருச்சுன்னு சொன்னாரே?"

"அவரா கிளட்ச் புடிக்கிறாரு? வண்டிய நீ தொடச்சதோட சரி, வேற யாரு தொட்டா, அது அப்படியேதான் நிக்குது. ஒடிஞ்சது என் கைதானே?"

யார் தொட்டது என்று அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. எண்ணெய் ஊற்றியதும் அவள் கணக்கில் துடைத்ததோடு சேர்த்திதான். இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரமே வண்டியை விற்கப்போவதாக அவர் சொன்னபோது, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மனசுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டாள். வாங்குவது வேறு யாருமில்லை, அவள் தம்பிதான். எதிலும் நிதானம் இல்லாததால் அவனை வீட்டில் எல்லாரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

ஆனால் போனது வண்டி மட்டும் இல்லை. ஆளுயரக் கண்ணாடி ஒன்று பொருத்தக் கேட்டு வந்தவரிடம், "கை முன்ன மாதிரி இல்லைங்க, வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார். வாசலில் நின்றுகொண்டிருந்த இவள் காதில் அது விழுந்தது. அவர் வாயில் இதுவரை வராத பேச்சு அது. அப்புறம் தண்ணீர்க் குடத்தைக்கூட வலது கையால் மட்டுமே தூக்க ஆரம்பித்தார். இடது கையை, யாரோ விட்டுப்போன சாமான் மாதிரி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கடைக்குப் போயிருந்தார். தம்பிக்குக் கொடுக்கிற வண்டி, குறை சொல்லக் கூடாது என்று இவள் ஷெட்டுக்குப் போனாள். எண்ணெயை நிரப்பி விடலாம் என்று அந்தக் கிண்ணத்தைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மூடிக்கடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் உப்பிப்போய், ஊறிய பயறு மாதிரி நெளிந்து கிடந்தது. எண்ணெய் கலங்கியிருந்தது. ஒன்றோடொன்று சேராத இரண்டு மருந்தைக் கலந்தால் எப்படி ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டூல்ஸ் பெட்டியைக் கிளறினாள். அடியில் இன்னொரு பாட்டில். கம்பெனி அட்டை கிழியாமல் இருந்தது. மருந்துச் சீட்டில் கடைசி வரியைத்தான் அவள் முதலில் படிப்பாள். இதிலும் அதையே படித்தாள். கிளட்சுக்கு இந்த மினரல் ஆயில் மட்டுமே, பிரேக் திரவம் கலந்தால் ரப்பர் கெட்டு லீவர் இறுகிவிடும்.

கெட்டது அவர் கை இல்லை. கெடுத்தது இவள்.

கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். மூடியைப் பூட்டிவிட்டால் போதும். சாயங்காலம் தம்பி ஓட்டிக்கொண்டு போவான், நாளைக்கு ரிப்பேர் செய்துகொள்வான், யாருக்கும் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்பது இனிமேல் மற்றவர்களுக்கு இருப்பது போல இவளுக்கும் இருக்கும். இரண்டு மணி நேரம் அந்த வாளியைவிட்டு எழுந்திருக்கவில்லை. மூடியின் ஸ்க்ரூ இரண்டும் உள்ளங்கை வியர்வையில் நனைந்து போயின.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இடது கை சும்மா தொங்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்குத் தாங்கவில்லை.

"உங்க கைக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"பிரேக் ஆயில்னு எழுதுன கழுத யாரு?"

"நீங்கதான்."

"அப்ப சரி." அதற்குமேல் அவர் திட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து அவசரம் வந்து சேர்ந்தான், தலையில் புது ஹெல்மெட்டோடு. "மாமா, சாவி?"

"சாவி இருக்கட்டும்டா. ஸ்பேர் கடைக்குப் போயி இந்த கிளட்சுக்கு, மேல கிண்ணத்துக்கும் கீழ இன்ஜின் பக்கத்துக்கும் ரிப்பேர் கிட் வாங்கிட்டு வா. மூடி ரப்பரும் சேர்த்து."

"நான் வண்டி வாங்க வந்தவன் மாமா!"

"அதான் வாங்கிட்டு வரச் சொல்றேன். ஓடு."

அவன் முனகிக்கொண்டே ஓடினான். அவன் வருவதற்குள் இருவருமாகக் கெட்ட எண்ணெயை இறக்கி, குழாயையும் கிண்ணத்தையும் ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காற்றடித்து உலர்த்தினார்கள். கிட் வந்ததும் அவர் புது ரப்பர்களைச் சரியான எண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். விரல் நகத்தளவு சாமான்கள். இடது கை பிடித்தது, வலது கை தள்ளியது. எந்தக் கை எதைச் செய்கிறது என்று அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

கடைசி வேலை காற்று எடுப்பது. குழாய்க்குள் ஒரு குமிழி தங்கினாலும் லீவர் தொளதொளவென்று போய்விடும். அவள் உள்ளே போய்க் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பெரிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து வந்தாள். எண்ணெயை உறிஞ்சி, மேலே தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டி, அதிலிருந்த காற்றை முதலில் வெளியேற்றினாள்.

"ஊசின்னா எனக்கு பயம்க்கா" என்று தம்பி ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"உனக்கில்ல, பேசாம இரு."

இன்ஜின் ஓரம் கீழே இருந்த திருகுமுனையில் சிரிஞ்சைக் குழாயோடு மாட்டி, கணவர் அதைத் தளர்த்தியதும், கீழிருந்து மேலாக மெதுவாகத் தள்ளினாள். காற்றுக்கு மேலே போகத்தான் பிடிக்கும், அதன் போக்கிலேயே விரட்டிவிட வேண்டும். அவர் கிண்ணத்தின் மேல் குனிந்து நின்றார்.

"வருது... வருது. பெருசா ஒண்ணு வந்துச்சு. மெதுவா. குழாயத் தட்டுடா. இன்னும் பொடிப்பொடியா வருது... இப்ப இல்ல. நிறுத்து."

கீழே முறுக்கினார், மேலே அளவு பார்த்து மூடினார். எழுந்து, துணியில் கையைத் துடைத்து, இடது கையின் இரண்டு விரலை லீவர்மேல் வைத்தார்.

அது போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று, வந்தது. பத்துப் பதினைந்து தரம் அழுத்தி விட்டிருப்பார். அவர் கண் கலங்கிவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"சொல்லாம விட்டிருந்தா வண்டி போயிருக்குமே" என்றார். "உனக்கும் அதுதானே வேணும்?"

"ரெண்டு மணி நேரம் அப்படித்தான் நெனச்சு உக்காந்திருந்தேன்" என்றாள் அவள். "வண்டி போகட்டும்னு நெனச்சேன். கூடவே நீங்களும்ல போனீங்க."

அவர் லீவரை இன்னொரு தரம் அழுத்தி விட்டார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? கை போச்சுன்னு ஆனப்ப எனக்குக் கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. மேட்டுல உருண்டது கண்ணுக்குள்ளயே நிக்குது. கைன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." அவள் முகத்தைப் பார்த்தார். "இப்ப கையச் சாக்கு சொல்ல முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

ஐந்து வருஷமாக அந்த வீட்டில் பயம் என்பது அவள் ஒருத்தியின் வேலையாக இருந்தது. அவளுக்குச் சட்டென்று தோள் லேசானது மாதிரி இருந்தது.

"அப்ப வண்டி எனக்கா, இல்லையா?" என்றான் அவசரம்.

அவர் வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, ஒரு உதையில் கிளப்பினார். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"முனை வரைக்கும் போயிட்டு வரேன். கூட நடந்து வர்றியா?"

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். மேட்டில் பாய்வதற்கென்றே செய்த அந்த வண்டி, இரண்டு விரல் கிளட்சில், முதல் கியரில், அவள் நடைக்கு நடை போட்டுக்கொண்டு போயிற்று. முனை வந்தது. அவர் வண்டியைத் திருப்பவில்லை, அவளைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச தூரம்?" என்று கேட்டது அவள்தான்.