ஸ்பானருக்கு வைத்த பொட்டு

மொஹிதீனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் பிடிபட்டது. சேர்த்து வாசித்தால்தான் ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பதுளை பசறை றோட்டில் அவருக்கு இரும்புச் சாமான் கடை. எழுபத்து மூன்றாம் ஆண்டு, வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். தட்டுகளில் ஆணி, தாழ்ப்பாள், அதற்கு மேல் தூசி. பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருக்கும் மச்சான், இதை மூடிவிட்டு வந்து துணி கிழித்துக் கொடுக்கும்படி போன பெருநாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் இரும்பு விற்ற மனிதனைப் புடவை அளக்கச் சொல்வதா என்று மொஹிதீன் மனதுக்குள் கொதித்தார். ஆனாலும் மனைவி ஸகீனா பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு வேலை வந்தது. மருந்து தெளிக்கும் சின்ன விமானங்களைச் செய்யும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று, பாகம் பாகமாக அனுப்பி இங்கே பொருத்திப் பூட்டிக்கொண்டிருந்தது. முன் விசிறியின் நட்டைக் கழற்ற ஒரு வளைந்த ஸ்பானர் வேண்டும். விமானப் பாகத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது, ஸ்பானர் இறக்குமதி செய்ய இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பெரிய விசிறிகளுக்கு அதே போன்ற ஸ்பானர் பதுளையில் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரைபடம் வந்தது. ஆறு அனுப்புங்கள், சரியென்றால் வருடம் முழுக்க வேலை என்றார்கள்.

செய்கிறவர் இராசையா. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து, பதினைந்து வருடமாக மொஹிதீனின் கடைக்குப் பின்னால் பட்டறை போட்டிருப்பவர். அரத்தைக் கீழே வைக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். வேலை மனதுக்குப் பிடித்தால் அந்தச் சாமானுக்கு ஒரு பொட்டு வைப்பார். ஆயுத பூசைக்கு வைக்கிற குங்குமம் எண்ணெய் பட்டால் போய்விடுகிறது என்று, தீவாளிக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் விரலைத் தொட்டு வைப்பார். பிடிக்காதது பொட்டில்லாமல் மூலைக் கூடைக்குப் போகும். மொஹிதீன் இதைப் பார்த்துப் பார்த்து, இப்போது அது அவர் கண்ணிலேயே படுவதில்லை.

ஆறு ஸ்பானர் போனது. திரும்பி வந்தது பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் இரும்பறுக்கும் வாளால் அறுத்திருந்தார்கள். கூட ஒரு கடிதம்: நீங்களே கழித்ததாக அடையாளமிட்ட ஆறும் விதிப்படி அழிக்கப்பட்டன, நல்லவற்றை அனுப்பவும்.

இராசையா துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். செத்த வீட்டில் நிற்பதுபோல நின்றார். அன்று அவர் சோறு தின்னவில்லை.

நாங்கள் எதைக் கழித்தோம், என்ன குறை என்று மொஹிதீன் பணிவாக எழுதிக் கேட்டார். குறை என்னவென்று உங்களுக்கல்லவா தெரியும் என்று பதில் வந்தது. அதை அவர் நாலு தரம் வாசித்தார். தன்னைக் கேலி செய்கிறார்களா, கள்ளன் என்கிறார்களா, அல்லது தனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதா என்று தெரியாமல் ஸகீனாவிடம் கொடுத்தார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தை மடித்து, கட்டிவைத்த பெட்டிக்கு மேல் வைத்தாள்.

இரண்டாவது ஆறை இராசையா பத்து நாள் இழைத்தார். வரைபடத்தை விரித்து வைத்து மொஹிதீனே ஒவ்வொன்றாக அளந்தார். மயிரிழை பிசகில்லை. அதுவும் துண்டு துண்டாகத்தான் திரும்பியது. இந்தத் தடவை கடிதத்தில் ஒரு வரி கூடுதல்: வியாழக்கிழமை எங்கள் என்ஜினியர் நேரில் வருவார்.

வியாழன் காலை ரயிலில் இறங்கியவர் நரைத்த மீசைக்காரர், இங்கிலீஷ்தான் பேசினார். மொஹிதீன் அவரைப் பட்டறைக்குக் கூட்டி வந்தபோது இராசையா மூன்றாவது ஆறில் கடைசி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திருப்தி. பெயிண்டில் விரலைத் தொட்டுப் பொட்டு வைத்தார்.

என்ஜினியர் பதறிப்போய் ஏதோ கேட்டார். மொஹிதீன் தமிழில் சொன்னார்: “இதையும் ஏன் கழிக்கிறீங்கன்னு கேக்குறாரு. இதுல என்ன பிழையாம்?”

“பிழையா?” இராசையா நிமிர்ந்தார். “பிழை இல்லீங்க முதலாளி. அதனாலதானே பொட்டு வச்சேன்.”

என்ஜினியர் மூலைக் கூடையைக் காட்டினார்.

“அதெல்லாம் சரியில்லாததுங்க. அதுக்குப் போயி பொட்டு வைப்பாங்களா?”

மொஹிதீன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்ஜினியர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது: விமானக்காரர்களுக்குச் சிவப்பு வைத்தால் உதவாதது, தொடாதே என்று அர்த்தம். யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதென்று அறுத்துப் போடுவார்கள். பதினைந்து வருடம் தினமும் பார்த்த பொட்டை ஒரு தரம் கவனித்திருந்தால் போதும். அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பொட்டை அழித்துவிட்டு அனுப்பச் சொன்னார் என்ஜினியர். இராசையா முகம் சுருங்கியது. “மூளியா அனுப்ப மாட்டேங்க. வேணும்னா வேலையே வேணாம்.”

வாசல்வரை வந்த ஒரு வருட வேலை திரும்பிப் போகப் பார்த்தது. மொஹிதீன் எழுந்து ஓடினார். கடைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட் டின்னோடு வந்தார். பச்சை வைத்தால் நல்லதென்று எடுத்துக்கொள்வோம் என்றார் என்ஜினியர். இராசையா டின்னைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு சிவப்பைத் துடைத்துவிட்டு, ஆறுக்கும் பச்சைப் பொட்டு வைத்தார். பெஞ்சிலேயே ஒரு வருட வேலைக்கு ஓடர் எழுதப்பட்டது. ஸகீனா பெட்டியை அவிழ்க்கலாம்.

புறப்படும்போது என்ஜினியர் இராசையாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். மொஹிதீன் அதைத் தமிழில் சொன்னார். “போன தரம் அறுக்க முன்ன, சும்மா அளந்து பார்த்தாராம். ஒரு குறையும் காணல்லயாம். கழிச்சதே இப்படின்னா, இந்த மனுசன் நல்லதுங்கிறது எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாராம்.”

இராசையா தலையைக் குனிந்துகொண்டார். அலமாரிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த இருபத்து நாலு துண்டுகளையும் எடுத்துப் பெஞ்சில் பரப்பினார்.

“அந்த நல்லதைத்தான் அறுத்தீங்கன்னு சொல்லுங்க, முதலாளி.”

மொஹிதீன் அதை மட்டும் இங்கிலீஷில் சொல்லவில்லை.