பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள்

புது அலமாரி பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வந்துவிடும் என்று கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. இப்படிச் செய்தி வருவது மூன்றாவது முறை. முதல் முறை சாயங்காலம் வரை காத்திருந்து ஏமாந்தாள் அக்கா. இரண்டாவது முறை, குளிக்கப் போன நேரம் பார்த்து மணி அடித்துவிட்டால் என்ன செய்வது என்று குளிக்கக்கூட இல்லை. கதவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றரை மணிக்கு, 'வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை. நாளை மறுநாள் மறுபடி வருகிறோம்' என்று செய்தி வந்தது. அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"நாளன்னைக்கு உனக்கு லீவுதானே? இங்க வந்து உட்காருடா."

"தூக்கறதுக்கா?"

"தூக்க அவங்க ஆள் வருவாங்க. நான் வீட்டுலதான் இருந்தேன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்."

தம்பிக்கு ஐம்பத்தேழு வயது. பஸ் ஓட்டுகிறான். அக்காவைவிட ஐந்து வயது இளையவன். ஒரே ஊரில் இருந்தும் அவன் அக்கா வீட்டுக்கு வருவது கால் மணி நேரம்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற ரகம். அன்று ஒன்பதரைக்கே வந்து செருப்பைக் கழற்றினான்.

உள்ளே உட்கார இடமில்லை. செல்லரித்த பழைய அலமாரியைப் போன வாரமே பழைய சாமான்காரர் எடுத்துப் போயிருந்தார். அதிலிருந்த துணிமணி எல்லாம் கட்டில் மேலும் நாற்காலி மேலும் மலையாகக் குவிந்து கிடந்தது. கட்டிலில் ஒரு முழம் அகலத்தில்தான் அக்கா ஆறு ராத்திரியாகப் படுத்துக்கொண்டிருந்தாள். தம்பி ஒரு போர்வைக் குவியலைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

இரண்டு மணி ஆயிற்று. அலமாரியைக் காணோம்.

அக்கா கடைக்குப் போன் போட்டாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஒரு பெண் குரல் சொன்னது. பிறகு பாட்டு. பிறகு மறுபடியும் அதே குரல்.

தம்பி சிரித்தான். "முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல உட்கார்ந்து ஊருக்கே 'லைன்ல இருங்க, லைன்ல இருங்க'ன்னு சொன்னியே. இப்ப நீ இரு."

"நான் சொன்னா இணைப்புக் கொடுத்துட்டுத்தான் விடுவேன். இது பேய் மாதிரி சொன்னதையே சொல்லுது."

"நான் அஞ்சு நிமிஷம் லேட்டா வண்டி எடுத்தா என்னைப் பெத்தவங்க வரைக்கும் இழுத்துத் திட்டுவாங்க. இவனுங்களைக் கேக்க ஆளில்ல."

போனை வைத்துவிட்டு அக்கா அவன் எதிரே உட்கார்ந்தாள். அலமாரி இருந்த இடத்துச் சுவர் மட்டும் மங்காமல், நேற்றுத்தான் வெள்ளை அடித்தது போலிருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம அப்பா அலமாரி செய்யச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

மறக்கக்கூடியதா? ஒன்றரை அறை வீட்டில் பாட்டியோடு சேர்த்து அவர்கள் ஐந்து பேர். எல்லோர் துணியும் கொடியில்தான். அப்பா ஒரு தச்சரிடம் அலமாரிக்குச் சொல்லிவிட்டு வந்தார். தச்சர் 'அடுத்த ஞாயிறு' என்றார். அம்மா மூலையைப் பெருக்கித் துடைத்து வைத்தாள். அலமாரி வரவில்லை. சாயங்காலம் ஐந்து பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பட்டறைக்கே நடந்தார்கள். தச்சர் தலையைச் சொறிந்து, அடுத்த ஞாயிறு என்றார். அப்படிப் பதினோரு ஞாயிறு.

"அப்பா ஒரு தடவைகூடச் சத்தம் போடலை," என்றாள் அக்கா. "போகும்போது முகத்தைக் கடுகடுன்னு வச்சுக்கிட்டுப் போவாரு. அங்க போனதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாங்க."

"அந்த மரச் சீவலை நான் சட்டைப் பை நிறைய அள்ளிட்டு வருவேன்."

"வீடு பூரா குப்பை. உன்னால அம்மாகிட்ட நான் திட்டு வாங்குவேன்."

"திரும்பி வரும்போது கால் வலிக்குதுன்னு பொய் சொல்வேன். பாலத்துலேர்ந்து அப்பா தோள்ல தூக்கிப்பாரு. அலமாரி வந்தன்னைக்கு நான் அழுதேனே, தெரியுமா?"

"கதவு இடுக்குல விரலைக் கொடுத்துட்டே. அம்மா ஈரத்துணி சுத்தினாங்க."

"விரல் ஒண்ணும் நசுங்கலை. இனிமே ஞாயித்துக்கிழமை எங்கயும் போக மாட்டோமேன்னு அழுதேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் விரலைக் காட்டினேன்."

ஐம்பது வருஷமாக அக்காவுக்குத் தெரியாத விஷயம். உண்மைதான். அலமாரி வந்த பிறகு ஐந்து பேரும் சேர்ந்து அந்தப் பாலத்தைத் தாண்டியதாக அவளுக்கு ஒரு நாளும் நினைவில்லை. அப்பாவுக்கு ஞாயிறு என்றால் தூக்கம், அம்மாவுக்குத் துணி துவைப்பது என்றாகிவிட்டது. அவள் எழுந்து போய்த் தேநீர் போட்டாள். மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியையும் முட்டையையும் அப்போதுதான் இருவரும் சாப்பிட்டார்கள். தட்டு வைக்க மேசையில் இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நாலே முக்காலுக்கு மணி அடித்தது. வியர்த்து விறுவிறுத்து இரண்டு ஆட்கள் நின்றார்கள்.

"லிஃப்ட்ல நுழையலைம்மா. நாலு மாடி தூக்கிட்டு வந்தோம்."

மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அக்காவுக்கு மறந்தே போயிற்று. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தம்பியும் ஒரு கை பிடிக்க, அலமாரி மூலையில் போய் நின்றது. கீறல் இல்லை, குறை இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள்.

தம்பி செருப்பைத் தேடுவான் என்று அக்கா நினைத்தாள். அவனோ குனிந்து கீழ் இழுப்பறையை இழுத்தும் தள்ளியும் பார்த்தான்.

"இது கொஞ்சம் பிடிக்குதுக்கா. அடுத்த ஞாயிறு வந்து மெழுகு தடவி விடறேன்."

"சரி, வா. காலையிலயே வா."

அவன் போன பிறகு அக்கா துணிகளை அடுக்கத் தொடங்கினாள். கீழ் இழுப்பறையை இழுத்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கெல்லாம் தம்பி மெழுகுவர்த்தியும் கையுமாக வந்தான். பொறுப்பாக உட்கார்ந்து மெழுகு தடவினான். அக்கா பக்கத்தில் நின்று, இந்த ஓரம் விட்டுப்போச்சு, அந்த ஓரம் விட்டுப்போச்சு என்று காட்டிக்கொண்டிருந்தாள்.