ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் கோட்டு

1

வில்லெய்யப் பயிற்சி தேவையில்லை. மனித இனம் பல்லாயிரம் ஆண்டுகள் அம்பெய்து, தின்று, வளர்ந்தது. அந்த அறிவு நம் தோளெலும்பில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. பயிற்சி செய்கிறவன் தன் மூதாதையரை நம்பாதவன். அவர்களிடம் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மேற்படி பத்தியை முழுப் பொறுப்புடன் எழுதியவன் நான். சென்ற செப்டம்பரில் எங்கள் கல்லூரி நையாண்டித் தாளில் வந்தது. அங்கே வந்ததால் நையாண்டி என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இல்லை, நம்பித்தான் எழுதினேன். இந்தக் கதை அந்தப் பத்திக்குப் பிறந்தது. ஜாடை தெரிந்தால் மன்னிக்கவும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வைகறைப் பனி ஓக் மரங்களின் மேல் ஒரு மெல்லிய" — மெல்லிய என்ன? எதுவும் வரவில்லை. விடுங்கள்.

இரண்டாம் முயற்சி: "வேட்டைக்காரனின் தனிமை என்பது" — இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாம் முயற்சி: பிரென்னா கூரைமேல் இருந்தாள்.

இது நிற்கிறது. ஏனென்றால் அவள் உண்மையிலேயே அங்கே இருந்தாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நானும் அவளும் கல்லூரிக்காக வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்வாசல் கூரையில், போன வருடம் ஆகஸ்ட் முழுக்க. முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டு, தொப்பி, கையுறை, இடுப்பில் பாதுகாப்புப் பட்டை. புல்வெளியில் நுரைப்பஞ்சில் செய்த ஒரு ஃபோம் மான் பொம்மை. ஆறு அம்பு எய்வாள், ஏணியில் இறங்கிப் பிடுங்குவாள், மறுபடி ஏறுவாள்.

"தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்குது பிரென்னா. வெந்துட்டியா, இல்ல இன்னும் பத்து நிமிஷம் விடணுமா?"

"நவம்பர்ல வேட்டைக்கு நீ பனியனோடவா போகப்போற?"

"நான் போவேன், அடிப்பேன், வருவேன். ஒத்திகை பாக்குறதுக்கு இது என்ன நாடகமா?"

"மேல இருந்து எய்யறப்ப கணக்கே வேற, ஓட்டோ. ஒரு தடவை ஏறிப் பாரேன்."

"மான் கூரையில ஏறட்டும், நானும் ஏறுறேன்."

இதையெல்லாம் கட்டுரையாக எழுதினேன். அவள் படம் போட்டேன். வளாகமே சிரித்தது. அவள் கட்டுரையை வெட்டி ஃபோம் மானின் மேல் ஒட்டி, அதன் மேல் எய்தாள். என் பெயரில் மூன்று ஓட்டை.

[அடிக்குறிப்பு போல ஒன்று: எனக்குப் பயிற்சியே கிடையாது என்பது அவதூறு. பழைய வில் ஒன்று வாங்கி, டி-சர்ட்டில், சமதரையில், பதினைந்தடி தூரத்து வைக்கோல் கட்டில் இரண்டு நாள் எய்தேன். ஆறில் நான்கு பட்டது. வேட்டை உரிமமும் உண்டு. அதற்கான பாடத்தைப் பன்னிரண்டு வயதில் படித்தேன். துப்பாக்கிக்கு.]

3

இப்போது நாயகன் வேண்டும். டெக்ஸ்டர் என்று ஒருவனை உருவாக்கினேன். பணக்கார வீட்டுப் பையன், மண்டைக்கனம், கொஞ்சம் மந்தம். என்னைப்போல் இல்லை.

நவம்பர் முதல் வாரம். தெரிந்த பண்ணைக்காரர் ஒருவரின் அனுமதியோடு, அவருடைய தோப்பில், மரத்தில் கட்டிய இருக்கையில் டெக்ஸ்டர் உட்கார்ந்திருக்கிறான். நல்ல குளிர். தடித்த கோட்டு. காலை எட்டு மணிக்கு ஒரு பெண்மான் வருகிறது. இருபதடியில் நின்று காதை மட்டும் திருப்புகிறது. டெக்ஸ்டர் நாணை இழுக்கிறான், விடுகிறான். நாண் இடது கையின் புடைத்த கோட்டுத் துணியில் படீரென்று உரசுகிறது. அம்பு ஒரு முழம் விலகுகிறது. நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகிறது.

இந்த இடத்தில் டெக்ஸ்டரின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கோட்டோடு ஒருமுறைகூடவா எய்து பார்க்கவில்லை? கைத்துணியை இறுக்க ஒரு பட்டை கட்டத் தோன்றவில்லையா? இவ்வளவு முட்டாளை வாசகர் நம்புவாரா?

நம்புவார். டெக்ஸ்டரை நீக்குகிறேன். கோட்டு என்னுடையது.

4

உடனே கீழே குதித்துத் துரத்தினேன். மான் அறுபதடி தள்ளிப் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தது. முதுகு வளைந்து, கால்களை எண்ணி வைப்பதுபோல் நடந்து, பிறகு ஓடியது. நான் பிரென்னாவை அழைத்தேன்.

"அடிச்சிட்டேன்."

"எங்க பட்டுச்சு?"

"மான்ல."

"மான்ல எங்கடா?"

"கொஞ்சம் பின்னாடி."

"அம்பு கிடைச்சதா? மோந்து பாரு."

மானை ஊடுருவி விழுந்திருந்த அம்பை ஓடும்போதே பொறுக்கியிருந்தேன்; மோந்து பார்த்தேன். மாட்டுத் தொழுவத்தில் புளித்துக் கிடக்கும் தீனியின் நாற்றம். சொன்னேன்.

"இப்ப எங்க நிக்கிற?"

"பின்னாடியே ஓடிக்கிட்டு இருக்கேன்."

"நில்லு. அங்கேயே நில்லு. குடல்ல பட்டா அது பக்கத்துலயே படுத்துக்கும் ஓட்டோ. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் விட்டா படுத்த இடத்துலயே போய்ச் சேரும். நீ அதை எழுப்பிட்ட."

அவள் அன்றைய ஆய்வக வகுப்பை விட்டுவிட்டு வந்தாள். ஒரு பை நிறைய பாலாடைக்கட்டித் துண்டுகளும் ஒரு உருளை கழிவறைத் தாளும் கொண்டுவந்தாள். இரண்டு மணி வரை வண்டியில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது நகைச்சுவை சொல்லியிருப்பேன். அந்த வசதியும் இல்லை.

பிறகு தேடினோம். இரத்தத்துளி கண்ட இடத்திலெல்லாம் தாளைக் கிழித்து மாட்டினோம். முதலில் பத்தடிக்கு ஒரு துளி, பிறகு நூறடிக்கு ஒன்று. திரும்பிப் பார்த்தால் தோப்பு நெடுகக் கழிவறைத் தாள். என் முதல் வேட்டையின் மொத்தச் சாதனை அதுதான். கடைசித் துண்டை ஒரு கோரைத்தண்டில் மாட்டினேன். அதற்கப்பால் சதுப்பு. இருட்டும் வரை அதற்குள் நடந்தோம். மறுநாளும் நடந்தோம்.

5

முடிவு, அ: சதுப்பின் மறுகரையில் மான் கிடக்கிறது. பிரென்னா என் தோளைத் தட்டுகிறாள். இறைச்சி உறைபெட்டிக்குப் போகிறது. எழுதி, அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நடக்கவில்லை.

முடிவு, ஆ: மான் பிழைத்து, வசந்தத்தில் குட்டியோடு — இதை எழுதுமுன் பிரென்னாவிடம் கேட்டேன். அவள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள்.

"வயித்துல பட்டா பிழைக்குமா?"

"பிழைக்காது."

"எப்பவாவது?"

"ஓட்டோ. பிழைக்காது."

"எவ்வளவு நேரம் ஆகும் அது..."

"ஒரு நாள் ஆகலாம். வேற ஏதாவது கேளு."

கேட்க வேறெதுவும் இல்லை. ஆகவே முடிவு உங்களிடம். சதுப்பில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் அந்த மானைப் படுக்க வையுங்கள். சீக்கிரம் படுக்க வையுங்கள்.

6

வாக்கியங்கள் ஆங்காங்கே பாதியில் நிற்பதை உத்தி என்று, இதுவரை எழுதியதைப் படித்த என் இலக்கிய ஆசிரியர் பாராட்டினார். மறுக்கவில்லை.

உண்மையில், இதை நான் எழுதுமிடம் முன்வாசல் கூரை; எய்யத் தோன்றினால் பேனாவைப் பாதியில் வைத்துவிடுகிறேன். மறுபடி ஆகஸ்ட். தொண்ணூற்று மூன்று டிகிரி. தாளில் அங்கங்கே மை கலைந்திருப்பது வியர்வை. நவம்பருக்குப் போவேனா என்று தெரியாது. இடையில் எத்தனையோ பேர் தெருவில் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். இன்று ஒருவன் படமெடுத்தான். எங்கள் நையாண்டித் தாளின் புதுக் கட்டுரையாளன் என்று நினைக்கிறேன். நல்ல கோணம்தான்.

"கைப்பட்டை கட்டினியா?" கீழிருந்து பிரென்னா.

"கட்டியிருக்கேன்."

"கோட்டுக்கு மேலயா?"

"மேலதான்."

அவள் உள்ளே போய்விட்டாள். ஆறு அம்பும் முடிந்தன. ஐந்து நெஞ்சில் பட்டன. ஒன்று கொஞ்சம் பின்னால். இறங்கி, பிடுங்கி, திரும்ப ஏறி வந்து, அந்த ஒன்றை மறுபடி —