பலாப்பழம் ஏத்தியாச்சு

தமிழ்கூறும் நல்லுலகத்துக்கும், குறிப்பாக அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் உற்றார் உறவினர் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வருகிற ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, 'எல்லைக்கோடு' இணைய வானொலியின் நான்காம் ஆண்டு விழா நிகழ்ச்சியில், பலாப்பழத்தின் ரகசியம் வெளியிடப்படும். லிங்க் கீழே. அனைவரும் கேட்டுப் பயனடைக.

இப்படிக்கு, ரவிசங்கர். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் உட்காருகிறவர். குடும்ப வாட்ஸப் குழுவில் இருந்த முப்பத்தொரு பேரில் இரண்டு பேர் கும்பிடும் கையைப் போட்டார்கள். புரோத்ராபூரில் இருக்கும் தங்கை மங்கையர்க்கரசி மட்டும் 'கண்டிப்பா கேக்குறேன்ணே' என்று எழுதினாள். அவளுடைய பாசம் ரவிசங்கரை நெகிழவைத்தது.

எல்லைக்கோடு என்பது சென்னையில் ஏதோ ஒரு அறைக்குள் கிருஷ்ணமூர்த்தி, உதயசூரியன் என்ற இருவர் உட்கார்ந்து கிரிக்கெட் பேசும் வானொலி. அதில் ஒரு வழக்கம். மட்டையைப் பிடிக்கத் தெரியாத கடைசி ஆட்டக்காரர் மைதானத்துக்குள் நடந்து வரும்போது கிருஷ்ணமூர்த்தி நிதானமாக, "பலாப்பழம் ஏத்தியாச்சு" என்பார். "நாத்தனாருக்குச் சொல்லிராத" என்பார் உதயசூரியன். பிறகு இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரும்பாலும் அந்த ஆட்டக்காரர் அவுட்டாகித் திரும்பிக்கொண்டிருப்பார்.

ஏன் சிரிக்கிறார்கள் என்று ரவிசங்கருக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடப் பரவாயில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஜெட்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மணியன் இதைக் கேட்டபோது, "அது உள்விஷயம், வெளிய பேசக்கூடாது" என்று கண்ணைப் பாதி மூடிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஜெட்டியில் தனி மரியாதை. ஹட் பே கப்பலுக்கு வரிசையில் நிற்பவன்கூட முதலில் ஸ்கோரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டைக் கேட்பான். இந்த மரியாதையைக் காப்பாற்ற அவர் ரகசியமாகப் பதினோரு முறை வானொலிக்கு வாட்ஸப்பில் எழுதிக் கேட்டிருந்தார். பதினோரு முறையும் ஒரே பதில்தான்: கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி.

வீட்டிலும் அனுதாபம் இல்லை. ரேடியோவில் பலாப்பழம் என்ற சொல் வந்ததும் மனைவி பானுமதி சமையலறைக்குப் போய் மிக்சியை ஓடவிடுவாள். நாலு வருடமாக இப்படி. கிரிக்கெட் என்றால் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு என்று ரவிசங்கர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணியன் கடையில் ஸ்பீக்கரே வைத்துவிட்டான். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பத்து ஐம்பத்தைந்துக்கு மணியன் ஆரம்பித்தான்.

"அண்ணே, ரேடியோக்காரன் சொல்றதுக்கு முன்ன நீங்க சொல்லிருங்க. அப்புறம் மேட்ச் பண்ணிப் பாத்துக்கலாம்."

"எதுக்கு மணியா, அஞ்சு நிமிசத்துல அவங்களே..."

"அரே, உங்களுக்கு மாலூம்தானே? போலோ பாய்!" தெரிந்ததைச் சொல்லச் சொல்லி இந்தியில் நெருக்கினான் மணியன்.

தப்பிக்க வழியில்லை. ரவிசங்கர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பண்ருட்டிப் பக்கம் நடந்த ஒரு மாவட்டப் போட்டியில், கடைசி ஆட்டக்காரராக இறங்கிய பலாப்பழ வியாபாரி ஒருவர், லாரியில் லோடு ஏற்றிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்து ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த வரலாற்றை உருக்கமாக எடுத்துரைத்தார். எதிரணியின் பந்துவீச்சாளர் அந்த வியாபாரியின் நாத்தனாருடைய கணவர் என்று முடித்தார்.

"ஆம்பளைக்கு ஏதுண்ணே நாத்தனா?" என்றான் மணியன்.

நல்லவேளை, நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

"வானொலி ஆரம்பிச்ச புதுசுல," என்றார் கிருஷ்ணமூர்த்தி, "மழையால ஆட்டம் நின்னிருந்தப்ப ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துது. யாருக்கோ போக வேண்டியது எங்களுக்கு வந்துருச்சு. ஒரு குடும்பம் பிரியக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் வெளியிடல. நாலு வருசம் ஆச்சு. பழம் செரிச்சிருக்கும்."

பிறகு ஒரு பெண்குரல், கொஞ்சம் கிசுகிசுப்பாக.

"விசாலா, அக்கா பேசுறேன். பலாப்பழம் ஏத்தியாச்சு. கப்பல்ல வேல பாக்குற கலாசி பாய்கிட்ட குடுத்துருக்கேன், பின்பக்கம் வச்சுருப்பாரு. கப்பல் வந்ததும் ஹட் பே ஜெட்டில போய் வாங்கிக்க. எங்க நாத்தனாருக்குச் சொல்லிராத, அவ அம்மா வச்ச மரம், மொதப் பழம் அவளுக்குத்தான்னு குதிப்பா. இந்த மனுசனுக்கும் தெரியாது. அவரு போன்லதான் பேசுறேன். பக்கத்துலதான் ரேடியோ முன்னால ஒக்காந்துருக்காரு. கப்பலையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது."

கொதிக்கும் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"அரே," என்றான் மணியன் மெல்ல. "இது நம்ம அண்ணி குரலாச்சே!"

தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பலாமரம் நிற்பது, அது வருடா வருடம் காய்ப்பது, முதல் பழத்தை மட்டும் யாரும் கண்ணில் கண்டதில்லை என்பது, எல்லாம் ரவிசங்கருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. முதல் பழத்தை அணில் தின்றுவிட்டதாகப் பானுமதி சொல்லுவாள். பன்னிரண்டு கிலோப் பழத்தைத் தின்னும் அணிலைப் பற்றி அவர் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

"உள்விஷயம், உள்விஷயம்னீங்களே. இவ்ளோ உள்ளன்னு நெனைக்கலண்ணே!" மணியன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். கடை மொத்தமும் கைதட்டியது. பண்ருட்டி வியாபாரியை ஒருவரும் நினைக்கவில்லை. உள்விஷயத்துக்குள்ளேயே குடியிருந்த மனிதர் தான் என்பது புரிந்து, ரவிசங்கர் மெல்ல நெஞ்சை நிமிர்த்தத் தொடங்கினார். பாதி நிமிர்ந்தபோது போன் அடித்தது. மங்கையர்க்கரசி.

"அண்ணே, நீ சொன்னியேன்னு வீட்டுல எல்லாரையும் ஒக்கார வச்சுக் கேட்டேன்."

"அரசி, அது வந்து..."

"எத்தன வருசமாண்ணே எங்க அம்மா மரத்துப் பழம் கப்பல் ஏறுது?"

வீட்டுக்குப் போனபோது பானுமதி மிக்சியைக் கழுவித் துடைத்து அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுருச்சுல்ல? அப்பாடா!" என்றாள். "நாலு வருசமா ஒண்ணுமில்லாம வெறும் மிக்சிய ஓட்டி ரெண்டு மோட்டார் போச்சு."

"தப்பா அனுப்பினத அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்க போன்ல அழிச்சுட்டேனே. அழிச்சா எல்லாருக்கும் அழிஞ்சுரும்னு நெனச்சேன்." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் சிரிக்கிறாங்க. என்னை வச்சு யாரும் இவ்ளோ நாள் சிரிச்சதில்ல."

ரவிசங்கருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தங்கை மறுபடி கூப்பிட்டாள்.

மறுநாள் காலை அவர் தோளில் ஒரு பலாப்பழச் சாக்கோடு புரோத்ராபூர் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் இல்லை.