மூட வேண்டிய வாய்

எங்கள் வீட்டுக்காரருக்கு மகள் வைத்த பெயர் 'அணைப்பு மன்னன்'. அவர் அணைப்பது விளக்கை மட்டும்தான் என்பது என் தனிப்பட்ட குறை. குளியலறையில் ஆள் இருக்கும்போதே சுவிட்சைத் தட்டிவிட்டு, பூமி சூடாவதைப் பற்றி வெளியே நின்று பிரசங்கம் செய்கிற ரகம்.

அவர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். அதே வளாகத்தில் நான் மின் பொறியாளர். வளாகத்தால் காற்றில் எவ்வளவு கரியமில வாயு சேர்கிறது என்று அளந்து, அதைக் குறைக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கட்டடம் கட்டடமாக மீட்டர் மாட்டினேன். மின்சாரத்தை அதிகம் விழுங்குவது யார் என்று பார்த்தால், சாட்சாத் மன்னரின் ஆய்வகம்.

காரணம் ஃபியூம் ஹூட். நச்சுப் புகை வரும் சோதனைகளைச் செய்கிற கண்ணாடிப் பெட்டி. முன்கண்ணாடியைத் திறந்தே போட்டால், புகையோடு ஏசிக் குளிர்ச்சியையும் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். அந்தத் திறப்புக்கு எங்கள் பணிமனையில் பெயர் 'வாய்'.

இதை வீட்டில் பக்குவமாகத்தான் சொன்னேன். பதிலுக்கு, நான் அணைக்காத விளக்குகளைப் பற்றி எனக்கே வகுப்பெடுத்தார். மறுநாள் அவர் வருவதற்கு முன்பே கடுப்போடு போய், அவர் நாற்காலிக்கு எதிரே ஹூட் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினேன்: 'தேவையில்லாத நேரத்தில் வாயை மூடவும்.'

அன்று மாலையிலிருந்து மனிதர் பேசவே இல்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு கூடத்தில் விளக்கு வீணாக எரிந்தது. பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். நானே எழுந்து போய் அணைத்தேன். "அப்பாவ என்னம்மா பண்ணினீங்க?" என்று மகள் கேட்டதும் அழுகையே வந்துவிட்டது.

வார இறுதியில் மீட்டரைப் பார்த்தேன். அவர் ஆய்வகத்தின் கணக்கு கொஞ்சமும் இறங்கவில்லை. நேரே போனால், ஹூட் ஆவென்று திறந்து கிடக்கிறது, பக்கத்தில் இவர்.

"நான் ஒட்டினத படிச்சீங்களா, இல்லையா?"

தலையாட்டினார்.

"அப்புறம் ஏன் மூடல?"

"அன்னிக்கிருந்து மூடிட்டுத்தானே இருக்கேன். இன்னும் எப்படி மூடுறது?" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

அவர் எந்த வாயை மூடியிருக்கிறார் என்று புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "ஐயோ, நான் சொன்னது அந்த வாயை" என்று ஹூடைக் காட்டினேன். காது சிவக்க எழுந்து, கண்ணாடியைத் தன் கையாலேயே இறக்கினார். உள்ளே காற்றை உறிஞ்சும் விசிறியின் இரைச்சல் அடங்கியது. போனில் மீட்டர் காட்டும் அந்த நேர மின்செலவு சரசரவென்று இறங்குவதைக் காட்டினேன். பெருமையாகப் பார்த்தார், ஏதோ அவர் கண்டுபிடிப்பு போல.

வீடு வரும்வரை, சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினார். வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காலையில நீதானே கடைசியா கெளம்பின?" என்று ஆரம்பித்தார்.

அவர் வாயைத் திறக்கட்டும் என்றுதான் அதைப் போட்டுவிட்டு வந்தேன். சொல்லவில்லை. காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன்.